‘என்னோட போகட்டும்’ என்று எழுதிய செவிலியர் அம்மாவுக்கு

அன்புள்ள சிஸ்டர்,

‘அம்மா’ என்று தொடங்கத்தான் நினைத்தேன். கடிதத்தைப் படித்து முடித்ததும் ‘சிஸ்டர்’ என்றுதான் வாயில் வந்தது. இத்தனை வருடம் ஊரே அப்படித்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கும், நானும் அப்படியே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தைவிட அதோடு நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் ஒரு சார்ட் தாளில் ‘எங்க வீட்டு வாக்கு’ என்று தலைப்பிட்டு, ஆச்சி சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் வரிசையாக எழுதி பீரோவில் ஒட்டியிருக்கிறாள். “இதையெல்லாம் கேட்டு வளர்ந்ததால்தான் நர்சிங்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வேறு ஏதாவது படிக்கச் சொல்லி நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வேலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நர்சிங் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த வேலை என்னவென்று தெரியாது. வெள்ளைச் சீருடை தெரியும், வெளிநாட்டுச் சம்பளம் தெரியும். உங்கள் மகளுக்குப் பத்து வயதிலேயே, டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கும் ஹேண்டோவர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. அந்தச் சார்ட் தாளை ஒரு படிப்பு ஆலோசகனாகப் படித்துப் பார்த்தேன். அதில் சில வரிகள் இந்தத் தொழிலின் பாடம், சில வரிகள் உங்கள் வீட்டின் காயம். இரண்டும் ஒரே தாளில் ஒரே மை கொண்டு எழுதியிருப்பதால் உங்களுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் இருக்கிறது.

முதல் வரியே ஆச்சியுடையது: “கையக் கழுவுட்டி, ஆளக் கைகழுவிராத.”

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக்கு மணிக்கணக்கில் வகுப்பெடுக்கிறார்கள். இது நான்கே சொல். நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ மற்ற கசிவோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டிலையோ மேசையையோ தொட்ட பின் என்று கை கழுவ வேண்டிய 5 தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்து வைத்திருக்கிறது. ஐந்தாவதைத்தான் பலரும் கோட்டை விடுவார்கள், நோயாளியைத் தொடவில்லையே, கட்டில் கம்பியைத்தானே தொட்டேன் என்று. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847இல் பிரசவ வார்டு மருத்துவர்களைக் கை கழுவச் சொல்லி, தாய்மார் சாவு சரிந்ததைக் கண்ணெதிரே காட்டியும் அவரைப் பலர் நம்பவில்லை. உங்கள் வீட்டு ஆச்சி அதை ஒரு பேத்தியின் தலையில் ஏற்றிவிட்டார். இன்று இதற்கென்றே தொற்றுத் தடுப்புச் செவிலியர் என்று பெரிய மருத்துவமனைகளில் தனிப் பணியிடம் இருக்கிறது. தரச்சான்று வாங்க நினைக்கும் மருத்துவமனைக்கு அந்த ஆள் இல்லாமல் ஆகாது. ஆச்சி காலத்தில் வெறும் சொல்லாக இருந்தது இப்போது ஒரு வேலை.

அடுத்த வரி உங்களுடையது என்று நினைக்கிறேன். “‘நீங்க முருகனா’ன்னு கேட்காத, தூக்கத்துல எல்லாரும் முருகன்தான். பேரை அவரையே சொல்லச் சொல்லு.” சிரித்துவிட்டேன். ஆனால் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்ய வைப்பார்களே, அதன் முதல் படி இதுதான். ‘ஆமா’ என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது எத்தனை பெரிய விஷயம்! “எழுதாதது செய்யாதது” என்ற வரியும் அப்படித்தான். நாலு மணிக்கு பி.பி. பார்த்தேன் என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் குறள். ஆச்சியின் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருந்ததாகச் சொல்கிறீர்கள். ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள், 950வது. நோய் உற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்துக்கு நாலு கூறு சொல்கிறது. உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர்தான் உழைச்செல்வான். ‘நர்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி அலைந்து கடைசியில் ‘செவிலியர்’ என்று வைத்தோம். செவிலி என்றால் வளர்ப்புத் தாய், அதுவும் நல்ல சொல்தான். ஆனால் மருத்துவருக்குக் கையாள் என்று இல்லாமல் நாலில் ஒரு கூறு என்று எண்ணி வைத்த அந்தப் பழைய சொல்லின் மேல் எனக்கு ஒரு ஆசை உண்டு. ஆச்சிக்கும் இருந்திருக்கிறது. மிஷன் மருத்துவமனை விடுதியில் இருந்த ஒரு சின்னப் பெண் அதைப் பெட்டிக்குள் ஒட்டி வைத்துக்கொள்ள என்ன காரணம் இருந்திருக்கும் என்று யோசித்தேன். வெளியில் அவரை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்பதில்தான் அந்தக் காரணம் இருக்கும்.

இதை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் (இன்றைய சி.எம்.சி.) 1909இல் பயிற்சிப் பள்ளி வந்தது. அங்கேயே 1946இல் 4 வருடப் பட்டப்படிப்பு தொடங்கியது, அதே வருடம் டெல்லியிலும். சென்னை மாகாணத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் இந்தப் படிப்புக்குப் பெண்ணை அனுப்ப வீடுகள் தயங்கின. யார் உடம்பையும் தொட வேண்டும், எந்தச் சாதிக்காரரின் மலத்தையும் எடுக்க வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்றுமே அந்தக் காலத்துக் கண்ணில் குற்றம். படிப்பும் சாப்பாடும் விடுதியும் சேர்த்துக் கொடுத்த மிஷன் மருத்துவமனைகள் இருந்த ஊர்களில், ஏழை வீட்டுப் பெண்கள் அந்தப் பேச்சைத் தாண்டி வந்தார்கள். ஆச்சியின் இன்னொரு வாக்கு, “சம்பளம் வாங்குற கை தலைய குனிய விடாது”, அங்கிருந்து வந்தது. உங்கள் வீட்டில் முதன்முதலாகத் தன் பெயரில் பணம் வாங்கிய பெண் அவர்தானே.

சரி, இப்போது காயத்துக்கு வருகிறேன்.

“நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு நூத்தி ரெண்டு தாண்டினாத்தான் காய்ச்சல்.” மகள் இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறாள், பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. நீங்கள் கடிதத்தில் அதன் மறுபக்கத்தை எழுதியிருக்கிறீர்கள். நாலு வயதில் அவளுக்குக் காய்ச்சல், விடுப்பு கேட்டீர்கள், கிடைக்கவில்லை, ஈரத்துணியைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு நைட் டூட்டிக்குப் போனீர்கள். அன்றைக்கு வார்டில் யாரோ ஒருவருடைய பிள்ளைக்கு விடிய விடிய ஈரத்துணி வைத்தீர்கள். அதை இவ்வளவு வருடம் கழித்தும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தாளின் கடைசி வரியான “என்னோட போகட்டும்” அந்த ராத்திரி பிறந்தது என்று எனக்குப் படுகிறது.

அதனால் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. எது உங்களோடு போகட்டும்? நர்சிங்கா, அல்லது நர்சிங்கை உங்களுக்குக் கொடுத்த விதமா? நீங்கள் எழுதியிருக்கும் குறைகளை ஒரு தாளில் இறக்கிப் பார்த்தேன். வருடக்கணக்கில் தொகுப்பூதியம். ஒரு வார்டில் ராத்திரி ஒற்றை ஆளாக நிற்பது. நோயாளியின் உறவினர் கை ஓங்கியபோது கூட நிற்க ஆளில்லாதது. கேட்ட நேரத்தில் விடுப்பில்லை. முதுகுவலி. பெண் பார்க்க வந்தவர்கள் ‘நைட் டூட்டி உண்டா’ என்று கேட்டது. இதில் நோயாளியைப் பார்ப்பது பிடிக்கவில்லை என்று ஒரு வரி கூட இல்லை. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் நியதி. அந்த எண்ணிக்கை தாளிலேயே நின்றுபோவதால் வரும் நோவைத் தொழிலின் நோவாகவே நீங்கள் கணக்கு வைத்துக்கொண்டீர்கள்.

இதற்காக மகளிடம் எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லச் சொல்லவில்லை. நிறைய மாறவில்லை. மாநில அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் போனாலும் தொகுப்பூதியத்தில் தொடங்கி நிரந்தரத்துக்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். தனியார் நிலை இன்னும் மோசம். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் என்ன கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு பக்கம், எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் தேறி நர்சிங் ஆபீசராகச் சேர்ந்தால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், படிகள் தனி. ஒரே படிப்புதான், எங்கே போய் நிற்கிறோம் என்பதில்தான் இத்தனை தூரம். ஆகவே எதைப் படிப்பது என்பதைவிட, எங்கே படிப்பது, படித்துவிட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் இந்த மாதம் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு உயிரியல் பாடம் இருக்கிறது, மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. டிப்ளமோ வேண்டாம், 4 வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கே போகட்டும். வேறு பாடப்பிரிவு எடுத்தவர்களுக்கு 3 வருட ஜி.என்.எம். டிப்ளமோ நல்ல வழிதான், நீங்கள் வந்த வழியே அதுதான். ஆனால் பிறகு எம்.எஸ்சி., ஆசிரியப் பணி, வெளிநாடு என்று எது நினைத்தாலும் பட்டம் இல்லையென்றால் நடுவில் இன்னொரு படிப்பு படிக்க வேண்டி வரும். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில்தான் நிரம்பி வந்திருக்கின்றன. இந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி. படிப்புக்கு நீட் மதிப்பெண் வேண்டும். அவள் நீட் எழுதியிருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள், படிப்பு முடிந்ததும் லெப்டினன்ட் பதவி.

தனியார் கல்லூரி என்றால் என் வாடிக்கையான ஒரு யோசனை. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் மாநில கவுன்சில் பதிவும் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். அதன் பிறகு, சொல்லிக்கொள்ளாமல் ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குள் நடந்து போங்கள். 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. கட்டில் 100 இருக்கும். கட்டிலில் ஆள் இருக்கிறார்களா? பிரசவ அறையில் சத்தம் கேட்கிறதா? மாணவிகள் வார்டில் நிற்கிறார்களா, பில் போடும் இடத்தில் நிற்கிறார்களா? உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும், மூக்கை வைத்தே சொல்லிவிடுவீர்கள். எத்தனையோ பெற்றோருக்கு இல்லாத வசதி இது. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு ‘இரண்டு வருடம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும்’ என்று சொல்லும் இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டைப் பற்றி இப்போதே நிறையப் பேச வேண்டியதில்லை. ஜெர்மனி என்றால் அந்த மொழி பி2 நிலை வரை வேண்டும், கல்லூரி மூன்றாம் வருடத்தில் தொடங்கினால் போதும். பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு. அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வு. வளைகுடா நாடுகள் வேலை அனுபவம் கேட்கும். எங்கே போனாலும், ஆள் அனுப்பும் முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, செவிலியரை அனுப்புவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருடம் முன்னால், நர்சிங் படிக்கிறேன் என்று வந்த ஒரு பையனை, “ஆம்பளப் பையனுக்கு இது எதுக்குப்பா” என்று சொல்லி வேறு பாடத்தில் சேர்த்துவிட்டேன். அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டது அப்படியே வாயில் வந்துவிட்டது. அவன் இரண்டு வருடம் கழித்து அதை விட்டுவிட்டு நர்சிங்கில் சேர்ந்தான், இப்போது ஒரு ஐ.சி.யூ.வில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். அந்த இரண்டு வருடம் என் கணக்கில் நிற்கிறது. அதிலிருந்து, பிள்ளைகளிடம் சொல்லப்போகும் வாக்கியம் எந்தத் திண்ணையிலிருந்து வருகிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

இனி வருவது மகளுக்கு. அவளிடம் கொடுங்கள்.

பாப்பா, நீ ஒட்டிய தாள் நன்றாக இருக்கிறது. அதை வைத்தே உன்னிடம் கேட்கிறேன். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமே என்று பயப்படாதே, அது பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். நான் பார்த்தவரை, போகாமல் நின்று ஆளைக் கெடுப்பது வேறு இரண்டு. ஒன்று அருவருப்பை முகத்தில் காட்டுவது. பெட் பேன் எடுக்கும்போது உன் முகம்தான் அந்த நோயாளியின் கண்ணாடி. இன்னொன்று, ஒரே கேள்வியைப் பத்தாவது தடவை கேட்கும்போது எரிந்து விழுவது. உன் ஆச்சிக்கு இப்போது மறதி வந்துவிட்டது என்று அம்மா எழுதியிருக்கிறார். மருந்து சாப்பிட்டேனா என்று அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறார், நீ எத்தனை முறை முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாய்? ஒரு வாரம் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது. சோதிக்கிறேன் என்று நினைக்காதே, உனக்கே தெரிந்துகொள்ளத்தான்.

“ராத்திரி மூணு மணிக்குத்தான் வார்டு உண்மை பேசும்” என்று எழுதியிருக்கிறாயே, அது உன் அம்மா உனக்குச் சொன்ன பெரிய பாடம். பகலில் மருத்துவர், உறவினர், டீக்காரர் என்று எல்லோரும் இருக்கும்போது தெரியாத மூச்சு மாற்றம் அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் காதில்தான் விழும். ஆனால் அந்த மூன்று மணிக்காக அம்மா எத்தனை பகல் தூக்கத்தை விட்டார் என்பதும் அந்த வரிக்குள் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள். நர்ஸ் என்றால் தியாகம் என்று மேடையில் பேசுவார்கள், மே 12, செவிலியர் தினம் அன்று ரோஜாப்பூ கொடுப்பார்கள். பூவை வாங்கிக்கொள், ஓவர்டைம் கணக்கையும் கேள். நர்ஸ்களின் முன்னோடி நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு மட்டும்தான் படத்தில் காட்டுகிறார்கள். அவர் புள்ளிவிவரத்தை வரைபடமாகப் போட்டு, போர்க்களத்தில் காயத்தால் செத்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் அதிகம் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர். ஆளைக் கைகழுவாமல் இருப்பது என்றால் சில நேரம் அப்படிக் கேட்டு நிற்பதும்தான்.

மறுபடி உங்களிடம் வருகிறேன், சிஸ்டர். கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அந்தக் காய்ச்சல் ராத்திரியை அவளிடம் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது சிரிப்புப் பொம்மையாகத்தான் தெரியும். சொல்லாமல் வைத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், அவள் காதில் ‘நீ லாயக்கில்லை’ என்றுதான் விழும்.

சான்றிதழ்களை இப்போதே எடுத்து வையுங்கள். 6ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரியில் சேர்ந்ததும் கேளுங்கள். இன்னொன்று உங்களுக்குத் தோன்றியிருக்காது. உங்களுடையது டிப்ளமோ. ஆச்சி படித்தது மிஷன் மருத்துவமனைப் பயிற்சி. அவள் அப்பா ஐ.டி.ஐ. அண்ணன் அக்கா கிடையாது. அவளுடைய தாத்தாக்களும் அப்பா வழிப் பாட்டியும் பட்டம் வாங்கவில்லை என்றால், இரண்டு தலைமுறையாக ஊருக்கே ஊசி போட்ட வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். எந்தப் படிப்புக்கு என்ன சலுகை என்பது தகவல் கையேட்டில் இருக்கும். தாசில்தார் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தால், வீட்டில் யார் யார் என்ன படித்தார்கள் என்று கேட்பார்கள். அப்போது ஆச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.